குழு ஆரணியில் இருந்த நாற்பது நிமிடம்

பிள்ளைகளே, போன வாரம் நீங்கள் இருவரும் பாடம் படித்துக்கொண்டிருந்தீர்கள். சட்டமன்றம் கலைந்தால் அது அமைத்த குழுக்களும் கூடவே முடிந்துபோகும் என்று பெரியவள் சத்தமாகப் படித்தாள். சின்னவன் என்னைப் பார்த்து, "குழுன்னா இன்னாப்பா?" என்று கேட்டான். நான் தறியில் இருந்தேன். அப்புறம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. வாயால் சொன்னால் பாதியில் கோபம் வந்துவிடும், இல்லையென்றால் சிரித்து மழுப்பிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

பெரியவள் படித்த அந்த ஒரு வரிக்குள் என் அக்கா, உங்கள் அத்தை, மாட்டிக்கொண்டிருக்கிறாள். அது உங்களுக்குத் தெரியாது. அந்த வரியை எழுதியவருக்கும் தெரிந்திருக்காது.

முதலில் அந்தக் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூட்டுறவுச் சங்கங்களில் தேர்தல் ஒழுங்காக நடப்பதில்லை என்று ஊர் ஊராகப் புகார் போய்க்கொண்டிருந்த காலம். பால் சங்கம், கடன் சங்கம், எங்களைப் போன்ற நெசவாளர் சங்கம் எல்லாவற்றிலும் இதே பேச்சு. அதனால் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியிலிருந்தும் ஆள் எடுத்து, இந்தத் தேர்தல்களை மேற்பார்வை பார்ப்பதற்கு என்று ஒரு குழு போட்டார்கள். அதன் முழுப்பெயர் ஒரு வரிக்கு மேல் போகும். எனக்கு இப்போது முழுதாக ஞாபகம் இல்லை. தேர்தலை ரத்து செய்யவோ, யாரையும் வேலையிலிருந்து எடுக்கவோ அதற்கு அதிகாரம் கிடையாது. ஊருக்கு ஊர் போய் உட்கார்ந்து ஜனங்கள் சொல்வதைக் கேட்கும். கேட்டதை அறிக்கையாக எழுதிச் சபையில் வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அதுவே எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அதுவரை எங்களைக் கேட்பதற்கு என்று யாரும் வந்ததில்லை.

இப்போது அத்தை விஷயம். சங்கத்தில் உறுப்பினருக்கு ஒரு நம்பர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நம்பரில்தான் பட்டு நூலும் ஜரிகையும் வாங்குவோம். நெய்த சேலையை அந்த நம்பரில்தான் கொண்டுபோய்ப் போடுவோம். அக்கா வீட்டு நம்பர் அவள் வீட்டுக்காரர், உங்கள் மாமா, பெயரில் இருந்தது. மாமா செத்தபோது பெரியவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். காரியம் முடிந்ததும் அக்கா தறியில் உட்கார்ந்தாள். மாமா இருக்கும்போதே பாதிச் சேலை அவள் கையால் நெய்ததுதான். அதே நம்பரில் நூல் வாங்கினாள், அதே நம்பரில் சேலை போட்டாள். நம் ஊரில் இது அதிசயம் இல்லை. எத்தனையோ வீடுகளில் செத்தவர் நம்பர் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். பெயரை மாற்றித் தாருங்கள் என்று அக்கா நாலைந்து தடவை கேட்டாள். சங்கத்துச் செயலாளர், "மாத்திக்கலாம்மா, இப்ப இன்னா அவசரம்? நூல் வருதில்ல?" என்பார். நூல் வந்தது. அதனால் அவளும் விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

பிறகு சங்கத் தேர்தல் வந்தது. நிர்வாகக் குழுவில் பெண்களுக்கு என்று இடம் உண்டு. வழக்கமாக அதில் தறிக்குழியில் கால் வைக்காதவர்கள்தான் உட்காருவார்கள். யாராவது பெரிய ஆளுடைய வீட்டம்மாவாக இருப்பார்கள். அந்த வருஷம் அக்கா, "நா நிக்கிறேன்" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

மனு கொடுக்கப் போனோம். தேர்தல் அலுவலர் வெளியூர்க்காரர். பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்த நம்பர்ல உங்க பேரு இல்லியே. ஆம்பளை பேரு இருக்குது" என்றார்.

"அவரு என் வீட்டுக்காரருங்க. செத்து ஏழு வருஷம் முடிஞ்சிடுச்சி."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவன், "அப்ப அவரையே வந்து நிக்க சொல்லு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். "சொல்லிப் பாக்கறேன். உயிரோட இருந்தப்பவே எம்பேச்ச கேட்டதில்ல அந்த மனுஷன்" என்றாள். அந்த அலுவலர்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் மனுவைத் தள்ளிவிட்டார். அந்தத் தேர்தலில் எல்லா இடத்துக்கும் போட்டியின்றித் தேர்வு என்று பலகையில் எழுதினார்கள். செத்த மாமாவுக்கு ஓட்டு இருந்தது. நெய்கிற அக்காவுக்கு இல்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமா இறந்துவிட்டார் என்று அக்கா மனுவில் தன் கையாலேயே எழுதியிருந்தாள் அல்லவா, அதைக் காட்டி அடுத்த மாதமே அந்த நம்பரை நிறுத்திவிட்டார்கள். உறுப்பினர் இறந்தது சங்கத்துக்கு இப்போதுதான் தெரிய வந்ததாம். செயலாளர் மாமாவின் சாவுக்கு வந்து மாலை போட்டவர். நம்பர் நின்றதால் நூலும் நின்றது. புதிதாக உறுப்பினர் ஆவதற்கு விண்ணப்பம் கொடுத்தாள். அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், பதில் இல்லை. தறி வெறுமனே நிற்கக் கூடாது என்று என் நம்பரில் அவளுக்கும் நூல் வாங்க ஆரம்பித்தேன். அக்கா நெய்ததெல்லாம் என் சேலை ஆயிற்று.

இந்த நிலைமையில்தான் குழு ஆரணிக்கு வருகிறது என்று தெரிந்தது. புகார் உள்ளவர்கள் நேரில் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம். அக்கா சொல்ல வேண்டியதை ஒரு தாளில் என்னை எழுதச் சொன்னாள். பிறகு அந்தத் தாளை ஓரம் வைத்துவிட்டு, பார்க்காமல் சொல்லிப் பழகினாள். பெரியவள்தான் போனில் நேரம் பார்த்தாள். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, அத்தைக்கு முதலில் ஐந்து நிமிடம் ஆனது. மாமாவைப் பற்றிச் சொன்ன இடத்தையெல்லாம் எடுத்துவிட்டாள். "அவருதான் பேரையே புடிச்சிகினு இருக்காரே, நேரத்தையும் எதுக்கு குடுக்கணும்" என்றாள். கடைசியில் இரண்டரை நிமிடத்தில் முடித்தாள். மீதி அரை நிமிடம் அவர்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்காம். சுருக்கமாக அவள் கேட்டது ஒன்றுதான். நான் நெய்கிறேன், என் பெயரில் எனக்கு ஒரு நம்பர் வேண்டும்.

இனிமேல் எழுதப்போவது நான் செய்தது.

குழு வருவதற்குப் பதினைந்து நாள் முன்னால் நெசவாளர்கள் ஒரு இடத்தில் கூடினோம். வருகிறவர்களை எப்படி வரவேற்பது என்று பேச்சு வந்தது. தறிக்கு நீள நூல் இழுத்துப் பாவு போடுகிற எதிர்வீட்டுக்காரர், கடையில் கிடைக்கிற சால்வையை ஆளுக்கு ஒன்று போட்டால் போதும் என்றார். நான்தான் எழுந்து, "ஆரணிக்கு வந்தவங்களுக்கு மில்லு துணியா போத்தறது? நம்ம ஊரு பேரு இன்னா ஆவறது?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "அப்ப நீயே நெய்யி" என்றார் அவர். நான் அதற்குத்தான் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. குழுவில் ஒன்பது பேர். ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று, வெண்பட்டில் அரக்குக் கரை வைத்துப் பத்து அங்கவஸ்திரம் நெய்தேன். அக்கா வந்து கரையைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. இத்தப் போத்திகினா தூக்கம் வராம கேப்பாங்களா?" என்றாள்.

அன்று காலை பத்து மணிக்கே கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. குழு பதினொன்றுக்கு வர வேண்டும். சேத்துப்பட்டில் வரவேற்பு கொடுத்துப் பிடித்து வைத்துக்கொண்டதால் ஒன்றரை மணிக்குத்தான் வந்தது. வேலூரில் மூன்றரைக்கு அடுத்த கூட்டமாம். நாற்பது நிமிடம்தான் இருப்போம் என்று கூட வந்த அதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார். நாற்பது நிமிடம் போதும் என்றுதான் நினைத்தோம். பேசுவதற்குப் பெயர் கொடுத்தவர்கள் ஏழு பேர்தான். அக்கா மூன்றாவது. நான் எழுதிய தாளையும் பெயரோடு சேர்த்து மனுவாகக் கொடுத்திருந்தாள்.

வரவேற்புரை முடிந்து பொன்னாடை ஆரம்பமானது. ஒவ்வொருவருக்கும் பெயர், தொகுதி, பட்டம் எல்லாம் சொல்லி மைக்கில் அழைக்க வேண்டும். போர்த்துவதற்குத் தெருவுக்கு ஒருவர் என்று முன்பே பேசி முடித்திருந்தோம். இல்லாவிட்டால் சண்டை வந்திருக்கும். போட்டோ எடுப்பவர், "சார் கொஞ்சம் இப்படி, அண்ணா நீ தலைய மறைக்காத" என்று ஒவ்வொருவரையும் இரண்டு தடவை நிற்க வைத்தார். ஏழு உறுப்பினர்தான் வந்திருந்தார்கள். ஆனால் மேடையில் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. யார் உறுப்பினர், யார் அவர்களோடு வந்தவர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உட்கார்ந்த வரிசையில் போர்த்திக்கொண்டே போனோம். பத்தும் தீர்ந்த பிறகு பார்த்தால், ஓரத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர் ஒரு உறுப்பினர். அவருக்கு இல்லை. அவருடைய உதவியாளர் பட்டு போர்த்திக்கொண்டு பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

தொகுத்துப் பேசிக்கொண்டிருந்தவர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் காதில், "பேஜாரா பூடுச்சி. ஜல்தியா ஒண்ணு எடுத்துகினு வா" என்றார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். முதல் கடையில் அங்கவஸ்திரம் இல்லை. இரண்டாவது கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வீட்டுக்குப் போய் அழைத்து வந்து, கடையைத் திறந்து, வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதற்குள் குழுத் தலைவர் ஆரணிப் பட்டின் பெருமையைப் பற்றியும், தன் கல்யாணத்துக்கு இங்கேதான் சேலை எடுத்ததைப் பற்றியும் பேசி முடித்திருக்கிறார். முதலில் பேசியவர் தன் சங்கத்து வழக்கைப் பழைய காலத்திலிருந்து சொல்லியிருக்கிறார். இரண்டாமவர் தேர்தலை விட்டுவிட்டுச் சாக்கடையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது அக்கா மைக் முன்னால் நின்றிருந்தாள். கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற பச்சைச் சேலை. கையில் தாள் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நா..."

அந்த இடத்தில் தொகுப்பாளர் என்னைப் பார்த்துவிட்டார். "ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம்" என்று மைக்கைத் தன் பக்கம் திருப்பி, அந்த உறுப்பினரின் பெயரையும் தொகுதியையும் சொன்னார். என்னை வரச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் நின்றேன். நின்றது நிஜம். அக்கா பேசி முடிக்கட்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த உறுப்பினர் எழுந்தே விட்டார். எழுந்து நிற்கிற மனிதரை எப்படி உட்காரச் சொல்வது? மண்டபத்தின் நடுவில் நடந்து போய் மேடை ஏறிப் போர்த்தினேன். போட்டோக்காரர் வழக்கம்போல இரண்டு தடவை எடுத்தார்.

நான் இறங்குவதற்குள் அதிகாரி தலைவரிடம் கைக்கடிகாரத்தைக் காட்டினார். தலைவர் எழுந்து கும்பிட்டார். அக்காவைப் பார்த்து, "எழுத்துல குடுத்திருக்கீங்கல்லம்மா? அது போதும். தேவைப்பட்டா உங்களையே சென்னைக்கு கூப்ட்டு கேப்போம்" என்றார். அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரியும். கார்கள் கிளம்பிப் போய்விட்டன.

வீட்டுக்கு வரும் வழியில் அக்கா வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். இறங்கும்போதுதான் கேட்டாள். "ஏன்டா, அந்தாளு இன்னா குளுர்ல நடுங்கிகினா இருந்தான்? ரெண்டு நிமிஷம் கழிச்சி போத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

நான் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்தினேன். 

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. தேர்தல் குழுவுக்கு நெசவாளர்கள் உற்சாக வரவேற்பு என்று தலைப்பு. நடுவில் நான் போர்த்திக்கொண்டிருக்கிறேன். என் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, வாயைப் பாதி திறந்தபடி அக்கா. சங்கத்தில் அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பிறகு அக்கா விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கப் போனபோது செயலாளர் அந்தப் படத்தைக் காட்டி, "இன்னும் இன்னாம்மா புகாரு? குழுவே வந்து கேட்டுட்டு போயிடுச்சே. நீயும்தான் நிக்கிற" என்றாராம்.

சென்னையிலிருந்து கூப்பிடுவார்கள் என்று அக்கா காத்திருந்தாள். தறிச் சத்தத்தில் கேட்காது என்று போனை மடியிலேயே வைத்துக்கொண்டு நெய்தாள். தெரியாத நம்பரிலிருந்து கடன் வேண்டுமா என்று கேட்பவர்களிடமெல்லாம், "சட்டசபையிலருந்தாங்க?" என்று கேட்டாள். அப்படியே மாதங்கள் போயின. சட்டமன்றத்தின் காலம் முடிந்தது, பொதுத் தேர்தல் வந்தது. நாங்கள் எல்லோரும் குளித்துவிட்டுப் போய் ஓட்டுப் போட்டோம். அக்காவும் போட்டாள். அந்தத் தேர்தல் வந்ததனாலேயே எங்கள் குழு செத்துப்போய்விட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓட்டுப் போட்டுத்தான் இருப்போம்.

புதிய சபை வந்து சில மாதம் கழித்து, அக்காவும் நானும் காலை பஸ்ஸில் சென்னைக்குப் போனோம். கோட்டையில் எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் மூன்று இடத்தில் நின்றோம். கடைசியில் சட்டமன்ற அலுவலகத்திலிருந்து ஒருவர் வரவேற்பு அறைக்கு இறங்கி வந்தார். நல்ல மனிதர். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். குழுவின் பெயரைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார்.

"அந்தக் குழு இப்ப இல்லீங்களே."

"எங்க போயிருக்குதுங்க?" என்றாள் அக்கா.

"போகலம்மா. சபை கலைஞ்சா குழுவும் கலைஞ்சிடும். புது சபை நெனைச்சா மறுபடியும் போடும். இதை இன்னும் போடலை."

"எங்க மனு?"

"பத்திரமா இருக்கும். கட்டு கட்டி வெச்சிருப்பாங்க."

"அத்த யாரு படிப்பாங்க?"

"குழுதான் படிக்கணும்."

"அதான் இல்லன்றீங்களே."

"ஆமாம்மா" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் விடவில்லை. அறிக்கை ஏதாவது சபையில் வைத்தார்களா என்று கேட்டேன். வைப்பதற்குள் காலம் முடிந்துவிட்டது என்றார். ஆரணியில் நேரில் பேசியதையாவது எழுதி வைத்திருப்பார்கள் அல்லவா என்று கேட்டேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "வாய்மொழியா சொன்னதை வார்த்தை மாறாம எழுதுவாங்க. அதுல இருக்கும். அம்மா அன்னைக்கு இன்னா சொன்னாங்க?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னாள். "வணக்கம் சொன்னேன்."

திரும்பி வரும்போது ஆற்காடு தாண்டும் வரை தூங்கிக்கொண்டே வந்தாள். விழித்ததும், "பசிக்குதுடா. இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். இல்லை, வேடிக்கை மாதிரி கேட்டாள்.

புதிய சபை அந்தக் குழுவைத் திரும்பப் போடவே இல்லை. ஏன் என்று தெரியவில்லை. வேண்டாம் என்று யாரும் முடிவு எடுத்ததாகவும் தெரியவில்லை. யாருக்கும் ஞாபகம் வராமல் நின்றுபோய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். எத்தனை ஊருக்குப் போனார்கள், எத்தனை பேர் பேசினார்கள், எத்தனை பேர் எங்களைப் போல போர்த்தியே அனுப்பினார்கள் என்று எங்கேயும் எழுதி நான் பார்க்கவில்லை. பெரியவள் இனி அந்த வரியைப் பரீட்சையில் எழுதும்போது சரியாக எழுதட்டும். மார்க் வரும். ஆனால் அது நம் வீட்டு வரி என்று தெரிந்து எழுதட்டும்.

அத்தை இன்னும் என் நம்பரில்தான் நெய்கிறாள். இரண்டு தறிச் சேலை ஒரு நம்பரில் போவதால் செயலாளர் போன மாதம்கூட என்னைப் பார்த்து, "உன் கை மட்டும் எப்படிய்யா இவ்ளோ ஜல்தியா ஓடுது?" என்றார். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறார். நான் சிரித்தேன். நேராகச் சொன்னால் என் நம்பரும் நிற்கும். அப்புறம் இரண்டு தறிக்கும் நூல் இருக்காது. அதனால் சிரித்தேன்.

இப்போது மறுபடியும் சங்கத் தேர்தல் வரப்போகிறது. உறுப்பினர் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நேற்று மத்தியானம் சேலை போடப் போனேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள், கதவு மட்டும் திறந்திருந்தது. பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தேன். மாமா பெயரை இந்தத் தடவை எடுத்துவிட்டிருக்கிறார்கள். அக்கா பெயர் எங்கேயும் இல்லை. கடைசித் தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைப் போட்டு, அக்கா பெயரை எழுத ஆரம்பித்தேன். சுவரில் வைத்து எழுதினால் பேனாவில் மை இறங்கவில்லை. இரண்டு தடவை உதறி, கொஞ்சம் அழுத்தி, பட்டியலில் உள்ள எழுத்து மாதிரியே சின்னதாக எழுதி முடித்தேன். பக்கத்துக் கட்டத்தில் தொழில் என்று இருந்தது. அதில் நெசவு என்று எழுதிவிட்டு, யாரும் வருவதற்குள் வெளியே வந்து வண்டியை எடுத்தேன்.